பொத்தான்: அதில் எழுதியிருப்பது யாருடைய சொல்?

கைபேசிச் செயலி செய்யப் பழகுகிறவர் திரையில் முதலில் வைத்துப் பார்ப்பது பெரும்பாலும் ஒரு பொத்தானைத்தான். கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளையும் சரி, வவுனியாவில் பின்னேர வகுப்புக்குப் போய், செயலி எழுத உதவும் மென்பொருளான பிளட்டர் பழகுகிறவரும் சரி, வாயால் சொல்வது 'பட்டன்'. "அந்தப் பட்டனை அமத்துங்கோ" என்றால் வன்னியில் விளங்காதவர் இல்லை. பாடநூலைத் திறந்தால் அங்கே 'பொத்தான்' என்று இருக்கும். வீட்டில் அம்மா சேட்டுக்குத் தைத்துத் தருவது 'தெறி'. ஒரே பொருள் குடும்பத்துக்கு மூன்று பெயர்கள் நம்மிடம் புழங்குகின்றன.

முதலில் பொருள். திரையில் பொத்தான் என்பது, விரல் பட்டதும் ஒரு செயலைத் தொடக்கிவைக்கும் சிறு பரப்பு. 'அனுப்பு' என்ற எழுத்து மட்டும் பொத்தான் ஆகாது. அதைச் சுற்றி ஓர் எல்லையும், தொட்டால் என்ன நடக்கவேண்டும் என்ற கட்டளையும் சேரும்போதுதான் அது பொத்தான்.

'பொத்தான்' என்ற சொல்லைக் கேட்டால் 'வாயைப் பொத்து' என்பதிலுள்ள பொத்து நினைவுக்கு வரும். சட்டையின் திறப்பைப் பொத்துவதால் பொத்தான் என்று சொல்லவும் தோன்றும். ஆனால் அது போர்த்துக்கேயச் சொல். 'போத்தாவ்ங்' என்பது போல ஒலிக்கும் அவர்களின் சொல் நம் வாயில் பொத்தான் ஆனது. சாவி, மேசை, அலுமாரி, ஜன்னல் எல்லாம் அதே வழியில் வந்தவைதான். யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அவர்கள் ஆட்சி முடிந்து எத்தனையோ தலைமுறை கழிந்தும் அந்தச் சொற்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னும் ஒரு படி பின்னால் போகலாம். போர்த்துக்கேயச் சொல்லும் ஆங்கிலப் பட்டனும் பழைய பிரெஞ்சின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு மொட்டு என்றும் பொருள் உண்டு. அதன் அடியிலிருந்த வினைக்குப் பொருள் தள்ளுதல், முட்டுதல். மரத்திலிருந்து முட்டிக்கொண்டு வெளியே வருவது மொட்டு. மொட்டுப் போலத் துணியில் முட்டிக்கொண்டு நிற்பது சட்டைப் பொத்தான். பிறகு 19 ஆம் நூற்றாண்டில் மின்மணியை ஒலிக்கச் செய்ய விரலால் தள்ளும் குமிழுக்கும் அதே பெயர் போனது. அங்கிருந்து இயந்திரங்களுக்கும், கணினித் திரைக்கும் வந்து சேர்ந்தது.

தெறி நம்முடைய சொல். விரலால் சுண்டுவதையும் தெறித்தல் என்போம். அதனால் எனக்கு அந்தச் சொல்லில் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் செயலித் திரைக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டேன். தமிழ்நாட்டு இளைஞர் பேச்சில் தெறி என்றால் 'அபாரம்' என்று பொருளாகிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்தப் பொருளில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். விசை என்ற சொல்லை விசைப்பலகை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. இலங்கைப் பாடநூல் அதையே சாவிப்பலகை என்னும். ஆகவே பொத்தானே இருக்கட்டும். நானூறு ஆண்டுகளாக நம் நாக்கில் புரண்ட சொல்லை அந்நியம் என்று தள்ளவேண்டிய தேவை இல்லை.

மாற்றவேண்டியது பொத்தானோடு சேர்த்துச் சொல்லும் வினையை. இன்றைய கைபேசியின் கண்ணாடி அழுத்தத்தை அளப்பதில்லை. விரல் படும்போது கண்ணாடிக்கு அடியிலுள்ள மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்கிறது. எனவே 'அழுத்துங்கள்' என்பதைவிடத் 'தொடுங்கள்' சரி. புதிதாக ஸ்மார்ட் போன் பிடிக்கும் வயதானவர்கள் 'அமத்துங்கோ' என்ற சொல்லை நம்பி விரலைப் பலமாக ஊன்றி வைத்திருப்பார்கள். நெடுநேரம் ஊன்றினால் அண்ட்ரொய்ட் அதை 'நீண்ட தொடுகை' என்று வேறாகக் கணக்கெடுக்கக்கூடும், சில இடங்களில் எதிர்பார்த்தது நடக்காமல் போகலாம்.

தொட்டதும் உடனே செயல் நடப்பதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். விரல் படும்போது பொத்தானின் நிறம் சற்று மாறும். விரலை எடுக்கும்போதுதான் செயல் தொடங்கும். தவறான பொத்தானில் விரல் வைத்துவிட்டால், எடுக்காமல் வெளியே இழுத்துச் சென்று விட்டுவிடலாம், ஒன்றும் நடக்காது. உங்கள் போனில் இப்போதே செய்து பாருங்கள்.

பொத்தானின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அண்ட்ரொய்ட் வழிகாட்டி குறைந்தது 48 டிபி வேண்டும் என்கிறது. ஆப்பிள் 44 புள்ளி என்கிறது. ஓர் அங்குலத்தை 160 பங்காக்கினால் ஒரு பங்கு 1 டிபி. அப்படியானால் 48 டிபி ஏறத்தாழ 7.6 மில்லிமீற்றர். மண்வெட்டி பிடித்த விரலுக்கு இதுவே சிறிது. கமக்காரருக்கான செயலி என்றால் நான் இன்னும் பெரிதாகவே வைப்பேன்.

அப்படி ஒரு செயலியையே எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்கிறவர்கள் தங்கள் விதைப்பு அளவைப் பதியும் திரை. மேலே ஒரு கேள்வி: "எத்தனை ஏக்கர் விதைக்கப் போகிறீர்கள்?" அதன் கீழே எண் எழுதும் கட்டம். அடியில் ஒரு பொத்தான். அதில் என்ன எழுதுவது? 'பதிவுசெய்' என்றா, 'பதிவுசெய்யவும்' என்றா, 'பதிவுசெய்யுங்கள்' என்றா?

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வி எழாது. அங்கே ஏவலுக்கு ஒரே வடிவம்தான். தமிழில் வினையடியே 'நீ' என்று விளிக்கும் ஏவலாகவும் நிற்கிறது. எழுபது வயது ஐயா ஒருவரைப் பார்த்து 'பதிவுசெய்' என்று திரை சொல்வதா என்று பலருக்குக் கை கூசுகிறது. அதனால்தான் 'சமர்ப்பிக்கவும்', 'தொடரவும்' என்று பொத்தான்கள் நீண்டுகொண்டே போகின்றன.

அங்கே பேசுவது யார் என்று பார்த்தால் சிக்கல் தீரும். மேலே உள்ள கேள்வியைக் கேட்பது செயலி, கேட்கப்படுகிறவர் ஐயா. அங்கே மரியாதை வடிவம் கட்டாயம் வேண்டும். பொத்தானில் இருப்பது ஐயா போனுக்கு இடும் கட்டளை. 'பதிவுசெய்' என்று அவர்தான் சொல்கிறார், போன் கேட்டு நடக்கிறது. போனுக்கு எதற்கு 'வும்'? ஆகவே பொத்தானில் வினையடி. பொத்தானுக்கு வெளியே 'உங்கள்', 'போகிறீர்கள்', 'எழுதுங்கள்'. இரண்டையும் கலந்துவிட்டால்தான் மரியாதைக் குறைவாகத் தெரியும். 'அனுப்புக' என்ற வியங்கோளும் பிழையில்லை, ஆனால் அறிவித்தல் பலகை வாடை அடிக்கும்.

வினையடியில் எழுதினால் இடமும் மிஞ்சும். ஆனாலும் பொத்தானின் உயரத்தை ஓர் எண்ணில் கட்டிப்போடாதீர்கள். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'ழு'வின் கால் கீழே இறங்கும். கண் மங்கியவர்கள் போன் அமைப்பில் எழுத்தைப் பெருப்பித்து வைத்திருப்பார்கள். உயரம் உள்ளடக்கத்தோடு விரியாவிட்டால் எழுத்தின் தலையும் காலும் வெட்டுப்பட்டுப் போகும்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களை நினைத்து இன்னொன்றும் செய்யவேண்டும். ஒருமுறை தொட்டபின் பதில் வரும்வரை பொத்தானை முடக்கி வையுங்கள். இல்லாவிட்டால் பொறுமையிழந்தவர் திரும்பத் திரும்பத் தொட, ஒரே வயல் இரண்டு மூன்று தரம் பதியும். பிளட்டரில் 'ஒன்பிரெஸ்ட்' (onPressed) என்ற இடத்துக்கு வெற்றுப் பெறுமானமான 'நல்' (null) என்பதைக் கொடுத்தால் பொத்தான் தானாகச் சாம்பல் நிறமாகி முடங்கிவிடும்.

'ரேடியோ பட்டன்' என்ற பெயரும் பழகுகிறவர்களைக் குழப்பும். பழைய கார் வானொலியில் ஒரு நிலையத்தின் பொத்தானை உள்ளே தள்ளினால் முன்பு தள்ளியது வெளியே துள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதிலிருந்து வந்த பெயர் அது. காலபோகமா சிறுபோகமா என்று ஒன்றை மட்டும் தெரிவுசெய்ய வைக்கும் வட்டங்கள் இவை. 'ஒற்றைத்தெரிவுப் பொத்தான்' என்றால் வானொலியைத் தெரியாத பிள்ளைக்கும் வேலை விளங்கும்.

கடைசியாக உறுதிகேட்கும் பெட்டி. "பதிவை இரத்துச் செய்யவா?" என்று கேட்டுவிட்டுக் கீழே 'இரத்து', 'சரி' என்று இரண்டு பொத்தான் வைக்கிறார்கள். எதைத் தொட்டால் பதிவு போகும்? எனக்கே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 'ஓம்', 'இல்லை' என்று வைத்தால் ஓரளவு தெளியும். 'பதிவை நீக்கு', 'அப்படியே விடு' என்று வினையோடு வைத்தால், மேலுள்ள கேள்வியை வாசிக்காதவரும் பிழைவிடமாட்டார்.