ரோஜர் டெய்லர் என்றால் எந்த ரோஜர் டெய்லர்?

1985 ஜூலை 13 அன்று இரு நகரங்களில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியில் ரோஜர் டெய்லர் டிரம்ஸ் வாசித்தார். இந்த வாக்கியத்தில் பிழை ஏதுமில்லை, ஆனால் யாரைச் சொல்கிறது என்றுதான் தெரியாது. குயின் குழுவின் ரோஜர் டெய்லர் அன்று லண்டன் வெம்ப்ளியில் வாசித்தார். டூரன் டூரன் குழுவின் ரோஜர் டெய்லர் அதே நாளில் ஃபிலடெல்ஃபியாவில் வாசித்தார். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள், இருவருக்கும் ஒரே கருவி. முன்னவர் 1949இல் பிறந்தவர், பின்னவர் 1960இல்.

இசைப்பதிவுகளுக்கு மெட்டாடேட்டா (பாடியவர், வாசித்தவர் போன்ற விவரங்கள்) நிரப்பும் வேலையில் இந்தக் குழப்பம் அன்றாடம் வரும். ‘பெயர் பக்கத்தில் கருவியைப் போட்டுவிட்டால் போதும்’ என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டெய்லர்களிடம் அது பலிக்காது. சரி, யாரோடு வாசித்தார் என்று பார்க்கலாமா? ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்த பில் எவன்ஸும் இரண்டு பேர். 1958இல் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்தவர் ஒருவர் (1929–1980). 1980களின் தொடக்கத்தில் சாக்ஸஃபோன் வாசித்தவர் இன்னொருவர், 1958இல் பிறந்தவர். பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்கலாம் என்றால், மதுரை மணி ஐயரும் பாலக்காடு மணி ஐயரும் 1912இல் பிறந்தவர்கள். ஒருவர் பாட்டு, மற்றவர் மிருதங்கம். ‘மணி ஐயர் கச்சேரி’ என்று மட்டும் எழுதிய பழைய ஒலிநாடா உறையை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் ஒருவருக்கு மற்றவர் பக்கவாத்தியம் வாசித்த பதிவாகவும் அது இருக்கலாம். தொழிலும் காலை வாரும். ‘இயக்குநர் பாலசந்தர்’ என்றால் கே. பாலசந்தர்தான் என்று எழுதிவிடுவார்கள். 1954இல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர்.

ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குறிப்புகளாவது வேண்டும். பிறந்த ஆண்டு ஒன்று, கருவி அல்லது முதன்மைத் தொழில் ஒன்று. மேலே சொன்ன நான்கு ஜோடிகளில் ஏதாவது ஒன்றிடம் தனிக் குறிப்பு தோற்றுப்போகிறது, இரண்டும் சேர்ந்தால் நான்கையும் பிரித்துவிடும். ஊர், மொழி, இசை வகை எல்லாம் கூடுதல் துணை, அவ்வளவே.

இந்தக் குறிப்புகளை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் அடுத்த கோளாறு. பெயர்க் கட்டத்திலேயே ‘ஜான் வில்லியம்ஸ் (கிட்டார்)’ என்று அடித்தால், திரைப்பட இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் (1932இல் பிறந்தவர்), கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் (1941) ஆகிய இருவரோடு, உலகத்தில் இல்லாத மூன்றாவது ஜான் வில்லியம்ஸ் ஒருவரை உண்டாக்கிவிடுகிறோம். ‘இன்னார் ஃபீட். இன்னார்’ என்று இரு பெயரை ஒரே கட்டத்தில் போடுவதும் இதே தப்புதான். முதன்மைக் கலைஞருக்கு ஒரு கட்டம், உடன் பாடியவருக்கு வேறு கட்டம். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளத்தில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டவே தனிக் குறிப்புக் கட்டம் இருக்கிறது. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 2, 3 என்று எண் வரும். அது அந்தத் தளத்தின் உள் ஏற்பாடு. அந்த எண்ணையும் பெயரோடு சேர்த்து நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிவிடுகிறார்கள், ஆல்பத்தின் பின்னட்டையில்கூட அச்சாகிவிடும்.

உண்மையில் ஆளைப் பிரிப்பது அடையாள எண். ஐ.எஸ்.என்.ஐ. என்ற சர்வதேசப் பெயர் அடையாள எண் 16 இலக்கம், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். எழுத்தாளர், பாடகர், ஆய்வாளர் என்று பொதுவெளியில் படைப்பு உள்ள எவருக்கும் உரியது. கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் என்ற எழுத்து வரும். அது சரிபார்ப்பு இலக்கம், தட்டச்சுப் பிழை என்று நினைத்து நீக்கிவிடக் கூடாது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கத்தில் சேரும்போது கிடைப்பது 11 இலக்க ஐ.பி.ஐ. பெயர் எண். புனைபெயர் வைத்திருந்தால் அதற்கும் ஒரு பெயர் எண் தனியாக உண்டு, எல்லாம் ஒரே அடிப்படை எண்ணின் கீழ் வரும். பதிவுக்கு உரியது எழுத்தும் இலக்கமும் கலந்து 12 இடம் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. ஒலிப்பதிவுக்குத்தான் அது அடையாளம், ஆளுக்கு அல்ல. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இந்த எண்களை எக்செல்லில் ஒட்டும்போது கவனம் வேண்டும். எக்செல் ஓர் எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்களை வைத்துக்கொள்ளாது. 16 இலக்க ஐ.எஸ்.என்.ஐ.யை இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அதன் தொடக்கத்தில் உள்ள பூஜ்யங்கள் சத்தமில்லாமல் போய்விடும். ஐ.பி.ஐ. எண் பெரும்பாலும் பூஜ்யத்தில் தொடங்கும், அந்த முன் பூஜ்யங்களும் காணாமல் போகும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போனது போனதுதான். எண் பொருந்தாத வரிகளைப் பெயரை மட்டும் பார்த்துச் சேர்த்தால், ராயல்டி அதே பெயருள்ள வேறொருவர் கணக்கில் ஏறும். இல்லையென்றால் யாருக்கும் போகாமல் நிலுவையில் கிடக்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் உண்டு, இது கண்ணுக்கே தெரியாது. ‘கௌரி’, ‘கெளரி’ இரண்டையும் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும், அதன் பின் தனி ‘ள’வும். படிப்பவருக்கு ஒன்றுதான், கணினிக்கு இருவேறு பெயர்கள். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். ஸகரத்தில் தொடங்கும் வடிவம் ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ‘ஶ்ரீ’ இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஸ்ரீநிவாசன் ஒருவரே இரண்டு பக்கங்களில் சிதறிக் கிடப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பெயரை அழித்துவிட்டு விசைப்பலகையில் புதிதாக அடிப்பதுதான் சுலபமான வழி. முதலெழுத்தும் அப்படியே: ‘எஸ்.பாலசந்தர்’, ‘எஸ். பாலசந்தர்’, ‘பாலசந்தர் எஸ்’ என்று மூன்று விதமாக விட்டால் மூன்று பேராகும். ஒரு வடிவத்தை நிலையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை மாற்றுப்பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். முதலெழுத்தையே வெட்டிவிடுவது எல்லாவற்றையும்விட மோசம்.

புதுப் பாடல் அதே பெயருள்ள வேறொருவரின் ஸ்ட்ரீமிங் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், உடனே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றத்தான் கை பரபரக்கும். வேண்டாம். பழைய இணைப்புகள் செத்துப்போகும். ஐ.எஸ்.ஆர்.சி.யும் மாறிவிட்டால் கேட்ட கணக்கும் போய்விடும். தவறான பக்கத்தின் இணைப்பு, சரியான பக்கத்தின் இணைப்பு, ஆல்பத்தின் பார்கோடு எண், பாடலின் ஐ.எஸ்.ஆர்.சி. நான்கையும் ஒரே அஞ்சலில் பாடலைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அனுப்ப வேண்டும். சரியான பக்கம் இன்னும் உருவாகவில்லை என்றால் ‘புதிய கலைஞர், புதிய பக்கம் வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். ஒரு தளத்தில் சரியானது மற்றொன்றில் தானாகச் சரியாகாது, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அடுத்த பாடலை ஏற்றும்போது பெயரைத் தட்டச்சு செய்து தேடாமல், கலைஞர் பக்கத்தின் அடையாள எண்ணை நேரடியாகக் கொடுத்துவிட்டால் பெயரை வைத்துப் பொருத்துகிற வேலையே கிடையாது.

செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007இல் பியர், விஸ்கி பற்றி எழுதிய மைக்கேல் ஜாக்சன் காலமானார், பாடகர் இறந்தது 2009இல். இரங்கல் செய்திக்குப் படம் எடுக்கும்போது, தேடலில் முதலில் வருவது பிரபலமானவரின் முகம், இறந்தவரின் முகம் அல்ல. படத்தின் கீழுள்ள குறிப்பில் பிறந்த ஆண்டும் தொழிலும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

இனிமேல்தான் மேடையேறப் போகிறவர் என்றால் தொல்லை குறைவு. டேவிட் ஜோன்ஸ் என்று பிறந்தவர் டேவிட் போவி ஆனது, மங்கீஸ் குழுவின் டேவி ஜோன்ஸோடு குழப்பம் வராமல் இருக்கத்தான். கேத்ரின் ஹட்சன், நடிகை கேட் ஹட்சனோடு குழப்பம் வேண்டாம் என்று தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு கேட்டி பெர்ரி ஆனார். பெயரை முடிவு செய்யுமுன் இரண்டு மூன்று ஸ்ட்ரீமிங் தளங்களிலும் மியூசிக்பிரெய்ன்ஸிலும் தேடிப் பாருங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும், முதலெழுத்தோடும் இல்லாமலும், ஒற்றெழுத்து இரட்டித்தும் இரட்டிக்காமலும். அதே பெயரில் ஒரே ஒரு பழைய பாடலோடு தூங்கிக்கொண்டிருக்கும் பக்கம் இருந்தாலும் போதும், உங்கள் முதல் பாடல் நேராக அங்கேதான் போய்ச் சேரும்.