தூக்குப் பாலத்துக்கு அடியில் ஒரு கால்வாய்

பாம்பனுக்கு வருகிறவர்கள் ரயில் பாலத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். அதை நடுவில் திறக்கும்படி ஏன் கட்டினார்கள் என்று கேட்டால், பதில் அடியில் ஓடும் கால்வாயில் இருக்கிறது. பாலத்தைவிட அதன் கதை பழையது.

மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவே சுமார் இரண்டு கிலோமீட்டர் கடல். அகலம் இருந்தும் ஆழம் இல்லை. அடியில் பாறைத் திட்டுகள். வடக்கே பாக் விரிகுடா, ஊர்க்காரர்கள் சொல்லும் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அதாவது ஆண் கடல். பெண் கடல் பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆண் கடலோ கரையைத் தாண்டிப் போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது.

கச்சான் காற்று காலத்தில் தென்மேற்குக் காற்று ஆண் கடல் நீரை இந்தப் பக்கம் தள்ள, நீரோட்டம் வடக்கே பெண் கடலுக்குள் பாய்கிறது. வாடைக் காலத்தில் அப்படியே திரும்பித் தெற்கே ஓடுகிறது. பரந்த கடல் நீர் குறுகிய இடைவெளியில் நெருக்கிப் போவதால் வேகம் கூடி, மணலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. இடம் விரிந்து வேகம் குறைந்ததும் மணல் படிந்துவிடும். ஒரு தடவை தூர்வாரினால் வேலை முடிந்தது என்று இங்கே சொல்லவே முடியாது.

1822-இல் இந்த வழியை அளக்க வந்தவர் இளம் பொறியாளர் ஆர்தர் காட்டன். பிற்காலத்தில் கோதாவரியில் அணை கட்டினாரே, அவரேதான். அப்புறம் பாறைகளை வெடி வைத்து உடைத்து, வழியை ஆழப்படுத்தினார்கள். ஆனாலும் சிறிய கப்பல்களுக்குத்தான் அது போதுமானதாக இருந்தது. 2005-இல் தொடங்கிப் பாதியில் நின்ற சேதுசமுத்திரத் திட்டத்தைப் பலர் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதன் வழி பாம்பன் அல்ல, இன்னும் கிழக்கே ராமர் பாலத்தின் பக்கம்.

தனுஷ்கோடி வரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார் சேரும் வசதிக்காக 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறந்தது. ரயிலுக்காகக் கப்பலை நிறுத்த முடியாது. அதற்கு வழி செய்ததுதான் ஷெர்ஜர் என்ற பொறியாளரின் பெயர் கொண்ட தூக்கு. பாலத்தின் நடுத் துண்டு இரண்டு பாதிகளாகப் பிரிந்து திறக்கும். ஒவ்வொரு பாதியின் கரைப்பக்க முனையும் ஆடும் நாற்காலியின் கால் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு தனக்கென்று அமைத்த தடத்தின் மேல் பின்னோக்கி உருளும்போது, பாதி மேலே எழுவதோடு கால்வாயை விட்டுப் பின்னாலும் நகர்கிறது. கரைப்பக்கம் எதிர் எடை இருப்பதால் இரும்பின் பாரத்தைத் தூக்கவேண்டியதில்லை. உராய்வையும் காற்றையும் சமாளித்தால் போதும். நூறு வருடத்துக்கு மேல் ஆட்கள் கையாலேயே அதைத் திறந்து மூடினார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனபோதும் இந்தத் தூக்குப் பகுதி தப்பியது. மீதியை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சரிசெய்தது.

சரி, அவ்வளவு நல்ல பொறியை ஏன் மாற்றினார்கள்? இரும்பைத் தின்னும் உப்புக் காற்று ஒரு காரணம். இரண்டு பாதிகள் நடுவில் சந்திக்கும் மூட்டு இன்றைய கனமான, வேகமான ரயில்களுக்குத் தோதானதல்ல. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு பிளக்காமல், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே முழுசாக 17 மீட்டர் மேலே போகிறது. கோபுர உச்சிச் சக்கரங்களில் ஓடும் கயிறுகளின் மறுமுனையில் எதிர் எடை. தத்துவம் பழசுதான், ஆளுக்குப் பதில் மோட்டார்.

கால்வாய் மட்டும் மாறவில்லை. பாலம் எவ்வளவு உயரம் போனாலும் அடியில் ஆழம் அதேதான். அதனால் சிறிய கப்பல்களும் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளும் அனுமதி வாங்கிக் காத்திருந்து வரிசையாகக் கடக்கின்றன. சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் பெரிய சரக்குக் கப்பலோ இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது.