வைஃபை மெதுவாக இருந்தால் முதலில் பிளானை மாற்றாதீர்கள்

கல்லூரி படிக்கும் மகனுடைய லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஒரு அக்கா என் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தார். வீட்டில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இன்டர்நெட் பிளான் இருந்தது, போதவில்லை என்று 300க்கு மாற்றி நாலு மாதமாகக் கூடுதல் பணம் கட்டியும் லேப்டாப்பில் வேகம் 15ஐத் தாண்டவில்லை, வகுப்பு நடுவிலேயே வீடியோ நின்றுவிடுகிறது என்றார். "போன்ல நல்லா வருது தம்பி, இதுலதான் வரல." நோய் எங்கே என்பதை அவரே சொல்லிவிட்டார், பாவம், அது அவருக்குத் தெரியவில்லை. முன்பு ஏதாவது ரிப்பேர் பார்த்தீர்களா என்று கேட்டேன். திரையை மடக்கும் ஹிஞ்ச் (கீல்) உடைந்து வேறொரு கடையில் மாற்றியிருக்கிறார்கள், அதற்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை.

பின்மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. லேப்டாப்பில் வைஃபை கார்டு ரொம்பச் சின்னது, அதிலிருந்து கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய வயர்கள் ஹிஞ்ச் வழியாகத் திரையைச் சுற்றிப் போகும். அவைதான் ஆன்டெனா. இதில் கறுப்பு வயர் கார்டில் மாட்டப்படாமலே கிடந்தது. மாட்டி மூட ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த நாலு மாதப் பணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பிளானையோ ரூட்டரையோ மாற்றுவதற்கு முன்னால் வேகம் எந்த இடத்தில் தொலைகிறது என்று பாருங்கள். லேப்டாப்பையும் போனையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே வைஃபையில், ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். போன் மட்டும் வேகமாக இருந்தால் லேப்டாப்பில்தான் கோளாறு. இரண்டுமே மெதுவென்றால் ரூட்டர் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு நேராக லேன் கேபிளை மாட்டிப் பாருங்கள், அதிலும் வரவில்லை என்றால் தாராளமாக இணைப்பு கொடுத்தவரிடம் புகார் செய்யலாம். ஒரு விஷயம், பழைய கேபிளில் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடலாம், அப்போது 300 பிளானிலும் 94, 95தான் காட்டும். இன்னொன்று, 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு ஃபைலை இறக்கினால் நொடிக்கு 12 எம்பி (மெகாபைட்) என்றுதான் வரும். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அது குறையே இல்லை.

லேப்டாப்பில்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டால், விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து லிங்க் ஸ்பீட் (லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையிலான வேகம்), பேண்ட் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். லிங்க் ஸ்பீடில் ஏறக்குறைய பாதிதான் நம் கைக்கு வரும். 72 என்று இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே ஆன்டெனாவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம், பிளான் ஆயிரமாக இருந்தாலும் 40ஐத் தாண்டுவது கஷ்டம். 54லேயே நின்றால் ரூட்டர் செட்டிங்ஸில் பழைய டிகேஐபி (TKIP) என்ற வைஃபை பாதுகாப்பு முறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அதைப் புதிய டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2 AES) ஆக்கினாலே தடை விலகும். 5 கிகாஹெர்ட்ஸில் 433 அல்லது 866 என்று வந்தால் சந்தோஷம். இது செல்போன் 5ஜி இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். பழைய லேப்டாப் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் கார்டே இருக்காது, அதற்குச் சின்னதாக ஒரு யுஎஸ்பி அடாப்டர் வாங்கினால் போதும்.

அடுக்குமாடி வீட்டில் 2.4 என்றால் சந்தைக்கடைதான். அந்த அலைவரிசையை ரூட்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும் சேனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான், அதில் பக்கத்து வீடுகள், ப்ளூடூத் இயர்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் நெருக்கியடிக்கின்றன. காலியாக இருக்கிறதே என்று 3ஐயோ 4ஐயோ தேர்ந்தெடுக்காதீர்கள், இரண்டு பக்கத்து சேனலோடும் மோதும். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் வைஃபை படுத்துவிடுவதும் உண்மைதான், அந்த இரைச்சல் 2.4இல் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் எழுதியிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் துவண்டுவிடும். ஃபைபர் ரூட்டர் பெட்டியை வாசல் ஓரமாக டிவி ஷோகேஸுக்குள்ளோ பீரோ மேலேயோ வைத்துவிட்டு, கடைசி அறையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு வேகம் வரவில்லை என்றால் எப்படி வரும்?

சார்ஜர் மாட்டினால் வேகம், கழற்றினால் மெது என்றால் பவர் சேவிங்கைப் பாருங்கள். எப்போதாவது மட்டும் இழுத்தால் டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க் பத்தியைப் பாருங்கள், பின்னால் அப்டேட்டோ ஒன்டிரைவோ ஓடிக்கொண்டிருக்கும்.

திரை, ஹிஞ்ச், கீபோர்டு என்று எதற்காக லேப்டாப்பைக் கொடுத்தாலும், திரும்ப வாங்கும்போது கடையிலேயே வைஃபையைப் போட்டு, ரூட்டர் பக்கத்தில் ஒரு தடவையும் பத்தடி தள்ளி ஒரு தடவையும் டெஸ்ட் செய்யுங்கள். ஆன்டெனா விட்டுப்போயிருந்தால் தள்ளிப் போனதும் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் நீங்களே திறந்து மாட்டிப் பார்க்க வேண்டாம், ஆன்டெனா வயரின் அந்தக் குட்டி முனை சுமார் 30 தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டது, கோணலாக அழுத்தினால் கார்டே போய்விடும். தொழிலில் இருக்கும் தம்பிகளும் மூடியை மூடும் முன்னால் இரண்டு வயரும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை விரலால் தொட்டுப் பாருங்கள்.

அந்த அக்கா மறுநாளே 100 பிளானுக்குத் திரும்பிவிட்டார். கடைசி அறையிலும் 80க்கு மேல் வருகிறதாம்.