ஸ்பெயின் அரச குடும்பமும் எங்கள் மாற்றுச் சம்பந்தமும்

யாழ்ப்பாணத்தில் குழந்தை வைத்தியராக இருக்கும் நான், வளர்ச்சி பிந்திய பிள்ளையொன்றைக் கொண்டுவரும் பெற்றோரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, “நீங்கள் இரண்டு பேரும் சொந்தமோ?” என்பதாகும். ஒருமுறை ஒரு தகப்பன், “மச்சான் மச்சாள்தான், டொக்டர்” என்று சுருக்கமாகச் சொல்ல, பிள்ளையை மடியில் வைத்திருந்த அம்மம்மா தொடர்ந்தார்: “எனக்கும் அண்ணைக்கும் மாற்றுச் சம்பந்தம். அண்ணையின்ரை மகன்தான் இவர். காணி வெளியிலை போகக்கூடாதெண்டுதான் அப்பு அப்பிடிச் செய்தவர்.” ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுச் சகோதரியையும் சகோதரனையும் மணப்பதையே மாற்றுச் சம்பந்தம் என்கிறோம்.

காணிக்காக அப்பு செய்ததையே, இராச்சியங்களுக்காக ஹப்ஸ்பேர்க் வம்சத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். ஸ்பெயினிலும் ஒஸ்திரியாவிலும் ஆண்ட இரு கிளையினரும் முடி வேறு குடும்பத்துக்குப் போய்விடாதபடி தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் தங்கை ஒஸ்திரியாவில் மணமுடித்தது தன் தாய்மாமன் மகனை. அவர்களுடைய மகள் மரியானா, பிலிப்பின் மகனுக்கு, அதாவது தன் சொந்த மச்சானுக்கு, நிச்சயிக்கப்பட்டிருந்தாள். அந்த இளவரசன் 1646இல் இறந்துபோக, 1649இல் 44 வயதான பிலிப்பே, தாய்மாமன் முறையிலிருந்துகொண்டு, 14 வயது மரியானாவை மணந்தார்.

அவர்களுக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளில் இருவரே வளர்ந்து ஆளானார்கள். பிலிப் புரொஸ்பெரோ என்ற சிறுவனை 1659இல் வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியத்தில், பிள்ளையின் உடுப்பின்மேல் மணியும் காப்புத் தாயத்துகளும் தொங்குகின்றன. நாவூறு படாமல் அரைஞாணில் தாயத்துக் கட்டி என்னிடம் கொண்டுவரப்படும் பிள்ளைகளை நினைவூட்டுவதால், அந்த ஓவியத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. நான்கு வயது நிரம்புமுன்னர், 1661 நவம்பர் 1ஆம் திகதி அவன் இறந்தான். ஐந்து நாள் கழித்துப் பிறந்த தம்பிதான் பின்னர் இரண்டாம் சார்ள்ஸ் ஆனவர். பேச்சும் நடையும் மிகப் பிந்தி வந்த அவர், இரண்டு முறை மணமுடித்தும் பிள்ளையின்றி 1700இல் இறந்தார். வாரிசுரிமைக்காக 1701இல் தொடங்கிய போர் 1714 வரை நீடித்தது.

ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மரபணுப் பிரதி தாய், தகப்பன் இருவர் வழியாகவும் பிள்ளைக்குக் கிடைக்கும் வாய்ப்பை உட்கலப்புக் குணகம் என்பர்; சார்ள்ஸுக்கு அது 0.254 எனக் கணிக்கப்பட்டுள்ளது. அண்ணன் தங்கைக்குப் பிறக்கும் பிள்ளைக்கே அது 0.25 தான். 1527 முதல் 1661 வரை ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்த 34 பிள்ளைகளில் 10 பேர் ஒரு வயதுக்கு முன்னரும், அவர்களையும் சேர்த்து 17 பேர் பத்து வயதுக்கு முன்னரும் இறந்தனர். அக்காலத்தில் தொற்றுநோய்களும் பிள்ளைகளைக் கொன்றன என்பதால் எல்லா இறப்புகளையும் இரத்த உறவின்மேல் சுமத்த முடியாது.

மச்சான் மச்சாள் திருமணம் செய்தவர்களை அச்சுறுத்துவது என் நோக்கமன்று. அத்தகைய பெற்றோரின் பிள்ளைக்குக் குணகம் 0.0625, பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு ஏனையோரில் நூற்றுக்கு மூன்றளவில் இருக்க, இவர்களில் ஆறளவுக்கு உயர்கிறது, ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கின்றனர். ஆனால் மாற்றுச் சம்பந்தம் செய்த இரு குடும்பங்களின் பிள்ளைகள் மீண்டும் தமக்குள் மணந்தால் குணகம் 0.125 ஆகிறது, தாய்மாமன் மருமகள் திருமணத்திலும் அதே அளவுதான். தாய்மாமன் மருமகளை மணப்பதை எங்கள் நாட்டின் பொது விவாகச் சட்டம் தடுக்கிறது, எங்கள் ஊரிலும் அதை முறையென்று ஏற்பதில்லை. அதே நெருக்கமுள்ள மாற்றுச் சம்பந்தப் பிள்ளைகளின் திருமணத்தை நாங்கள் “நல்ல பொருத்தம்” என்கிறோம்.

ஆகவே சொந்தத்துக்குள் கலியாணம் பேசுவோர், எழுத்தெண்ணிச் சாதகம் பார்ப்பதோடு மூன்று தலைமுறை வம்ச வரைபடத்தையும் எழுதி, யார் யாரை மணந்தார், எந்தப் பிள்ளை சிறுவயதில் தவறியது என்ற விபரங்களுடன் கலியாணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் வரவேண்டும். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணுவைத் தாம் நோயின்றியே காவுபவர்களை இரத்தப் பரிசோதனையால் கண்டறியலாம்; எல்லா நோய்க்கும் அவ்வாறு பரிசோதனை இல்லாததால், மூத்தவர்களின் ஞாபகமே பல வேளைகளில் எங்களுக்குத் துணை.

அன்று நான் அந்தக் குடும்பத்தின் வம்ச வரைபடத்தைப் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமுமாகத் தாளில் வரைந்துகொண்டிருந்தபோது, தன் பிள்ளைகளுக்குரிய வரிசையை அம்மம்மா விரலால் தொட்டு, “இதிலை இன்னும் இரண்டு போடுங்கோ, டொக்டர். பேர் வைக்க முதலே போட்டுதுகள்” என்றார். அருகிலிருந்த மகள் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.