பறக்கும் படகுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் முன்

போன மாதம் மறுபடியும் ஒரு கேட்டலினா, தண்ணீரில் இறங்கி ஏறும் போர்க்கால விமானம். கடலோரத்தில் திறந்தவெளியில் நிற்கிறது. ஆண்டு விழாவுக்காகப் புது நீலம் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். அடியில் சின்னக் கொப்புளம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மல்லாந்து படுத்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வரிசையோரம் பிளாஸ்டிக் சுரண்டியால் லேசாகத் தட்டினேன். பெயின்டோடு தகடும் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது. உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள். கடைசியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

"அலுமினியம் துருப்பிடிக்காதே, சார்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். விமானத் தகடு வீட்டுப் பாத்திர அலுமினியம் இல்லை. உறுதிக்காகத் தாமிரம் கலந்த டியூராலுமின். அந்தத் தாமிரம்தான் உப்பு ஈரம் பட்டதும் தகட்டை உள்ளுக்குள்ளேயே அரிக்க வைக்கிறது. அதைத் தடுக்கத்தான் இருபுறமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாகப் போர்த்தினார்கள்; அல்கிளாட் என்பது அதுதான். எமரித் தாளை வைத்துத் தேய்த்து மினுக்குகிறீர்களே, அப்போது போவது அழுக்கு மட்டுமில்லை, அந்தத் தோலும்தான்.

அடுத்தது, "கடலுக்கென்றே செய்த விமானம், கடல் காற்று என்ன செய்துவிடும்?" இதுதான் எனக்கு மிகவும் ஆத்திரம் தருவது. இந்த விமானங்கள் கடலைத் தாங்கியது ஆட்களின் உழைப்பால். மிதவையில் கட்டி நிற்கும்போதும் அடித்தட்டில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கரையேற்றினால் நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவி, ரிவெட் ரிவெட்டாகப் பார்த்தார்கள். (போர்க்காலத்தில் சென்னை பக்கத்து நம் செங்குன்றம் ஏரியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 240 ஸ்குவாட்ரன் கேட்டலினாக்களுக்கு நல்ல தண்ணீரே மிதக்கும் இடமாகக் கிடைத்தது. எல்லாத் தளத்துக்கும் அந்த யோகம் இல்லை.) காட்சிக்கு நிறுத்திய நாளோடு அந்தக் கவனிப்பு நின்றுபோகிறது. உப்பு நிற்பதில்லை. தகடுகளின் இடுக்கில் எண்பது வருடமாக உட்கார்ந்திருக்கும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைகிறது. ராத்திரி கரைந்து, பகலில் காய்ந்து, மறுநாள் மறுபடி. அதன் மேல் பெயின்ட் அடிப்பது சீழ் வைத்த புண்ணுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டுவது போல.

கூரைதான் முதல் மருந்து. எம்எல்824 என்ற சண்டர்லேண்ட், அதுவும் ஒரு பறக்கும் படகுதான், 1961 முதல் பத்து வருடம் வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்கில் திறந்தவெளியில் நின்றது. பிறகு லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்கு வந்து, கூரைக்குள் போனது. இன்று மக்கள் அதன் உள்ளே நுழைந்து பார்க்க முடிகிறது.

கூரை கட்டப் பணம் இல்லையா? சரி, கெடுதலாவது செய்யாதீர்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது தண்ணீரைத் தகடுகளின் இடுக்குக்குள் தள்ளும். இரும்புப் பிரஷ் கூடவே கூடாது. தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து நனையும். காற்றோட்டம் விட்டுப் போர்த்துங்கள். குளியலறைக்குப் பூசும் சிலிகான், காடி வாசனை வருமே, அது அமிலம் விடும், தகட்டைத் தின்னும். இன்னொன்று, தண்ணீரில் மிதக்கும்போது எடை அடிப்பாகம் முழுக்கப் பரவும். தரையில் நிறுத்தினால் சில இடங்களில் மட்டும் அழுந்தும். அதனால் தாங்கு கட்டைகளை உள்ளே விலா எலும்பு போல உலோகச் சட்டங்கள் இருக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள், வெறும் தகட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் குடிக்கும் கம்பளித் துணியும் வேண்டாம்.

பழைய பெயின்டைச் சுரண்டுமுன் தயவுசெய்து நில்லுங்கள். அடியில் அரிப்பைத் தடுக்கப் பூசிய குரோமேட் ப்ரைமர் இருக்கலாம், அந்தத் தூசு புற்றுநோய் தரும். முகமூடி இல்லாமல், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேலையாக அதைச் செய்யாதீர்கள். இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசிய கருவி முகப்புகளைத் திறக்கவே வேண்டாம். தவிர, அந்தப் பெயின்ட் அடுக்குகளில் விமானம் எந்தப் படையில், எங்கே இருந்தது என்ற வரலாறும் இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கையும் படம் எடுங்கள்.

கரையில் நிற்கும்போது அடித்தட்டின் வடிகால் அடைப்பான்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். போன மாதத்துக் கேட்டலினாவில் அவற்றின் மேலேயே நீலம் அடித்திருந்தார்கள். ஒன்றைக் கழற்றியதும் பழுப்பு நிறத்தில் அரை வாளித் தண்ணீர் கொட்டியது. சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். உப்பு.