நீரிழிவும் இதயத் தசையும்: பெண்களின் மூச்சுவாங்கலுக்குப் பின்னால் இருப்பது

நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் பாதிக்கும் என்பதை நம்மவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். இதயத்தைப் பற்றிக் கேட்டால் மாரடைப்பைச் சொல்வார்கள். ஆனால் இரத்தக் குழாயில் பெரிய அடைப்பு எதுவும் இல்லாதபோதும் நீரிழிவு இதயத் தசையையே நேரடியாகப் பாதிக்கக்கூடும் என்பதும், அந்தப் பாதிப்பு ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே விதமாக வெளிப்படுவதில்லை என்பதும் பலருக்குப் புதிய செய்தி. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கருத்தாய்வில் 18 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடாக இருந்தது. ஆகவே இந்தச் செய்தி முதலில் சேர வேண்டிய இடம் நம் வீடுகள்தான்.

ஓர் ஊர் மக்களின் இதய நலத்தை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வு 1974இலேயே இதைச் சுட்டிக்காட்டியது. நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில், நீரிழிவுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு (உடலுக்குத் தேவையான இரத்தத்தைச் செலுத்த இதயம் திணறும் நிலை) வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேலும், பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும் இருந்தன. ஏறத்தாழ 1.2 கோடிப் பேரின் தரவுகளைத் திரட்டி 2019இல் வெளிவந்த பகுப்பாய்வு, இடைவெளி அவ்வளவு பெரிதல்ல என்று காட்டியது: நீரிழிவால் கூடும் ஆபத்து, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவில் 9 விழுக்காடும் முதல் வகை நீரிழிவில் 47 விழுக்காடும் அதிகம். பிந்தைய கணக்கையே நான் நோயாளிகளிடம் சொல்கிறேன். அச்சமூட்டுவதற்கு முந்தையது உதவலாம், ஆனால் உண்மைக்கு இதுவே நெருக்கமானது.

இதயத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு: சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவது, பின்பு தளர்ந்து இரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வது. நீரிழிவுள்ள பெண்களிடம் பெரும்பாலும் முதலில் கெடுவது இரண்டாவது வேலை. மிகுந்த சர்க்கரை தசையின் இழைப்புரதங்களோடு பிணைந்து அவற்றை விறைக்கச் செய்கிறது. இதயம் சர்க்கரையை விட்டுக் கொழுப்பையே மிகுதியாக எரிக்கத் தொடங்குவதால் அதே வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. தசைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் தேவைக்கேற்ப விரிவதும் குறைகிறது. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இந்தக் குழாய்களுக்கு ஓரளவு காவலாக இருக்கிறது. நீரிழிவு அந்தக் காவலை முன்கூட்டியே பலவீனப்படுத்திவிடுகிறது. கூடவே உயர் இரத்த அழுத்தமும் உடற்பருமனும் சேரும்போது, இயல்பாகவே அளவில் சிறிய பெண்ணின் இதயத்தில் சுவர் தடித்து உள்ளிடம் மேலும் குறுகுகிறது. ஆண்களிடமோ, மாரடைப்பால் தசை சேதமடைந்து தள்ளும் திறன் குறைவதே அதிகமாகக் காணப்படுகிறது.

இந்த வேறுபாட்டால்தான் பெண்களின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் பரிசோதனையில் தள்ளும் திறன் 60 விழுக்காடு என்று வந்தால் வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள். அந்த எண் சுருங்கும் வேலையை மட்டுமே அளக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மேம்பாலப் படி ஏறுகையில் பாதியில் நிற்பது, ஈரச்சந்தையிலிருந்து பை தூக்கி வரும்போது இளைப்பது, இரவில் தலையணையைக் கூட்டிக்கொள்வது, மாலையில் கணுக்கால் வீங்குவது ஆகியவற்றை நம் அம்மாக்கள் “வயசாயிடுச்சு டாக்டர்” என்ற இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொற்களை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். எக்கோ அறிக்கையில் இதயம் தளரும் திறன் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இதயச் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேட்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்யலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2022இல் பரிந்துரைத்தது. உடல் பருத்தவர்களுக்கு அந்த அளவு குறைவாகவே காட்டும் என்பதையும் மருத்துவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். கர்ப்ப காலத்தில் நீரிழிவு இருந்தவர்கள், அது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதையாக இருந்தாலும், மறக்காமல் சொல்ல வேண்டும்.

விறைத்த இதயத்துக்கு நெடுங்காலம் உறுதியான மருந்து இருக்கவில்லை. எம்பாகிளிஃப்ளோசின் 2021இலும் டாபாகிளிஃப்ளோசின் 2022இலும் பெரிய ஆய்வுகளில் இவ்வகை நோயாளிகள் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைக் குறைத்தன, பெண்களும் பயனடைந்தார்கள். ஆனால் இம்மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர்வழி வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம், அதுவும் பெண்களுக்கே அதிகம். வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் எனக்கு மிகுந்த கவலை தருகிறார்கள், ஏனெனில் இந்தத் தொற்று எளிதில் குணமாகக்கூடியது. மருத்துவரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் பெண் தாதியிடம் சொல்லுங்கள். நோன்பு, அறுவை சிகிச்சை, கடும் வாந்தி ஆகிய நாள்களில் இம்மருந்தைத் தொடரலாமா, நிறுத்திவைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். முழங்கால் வலிக்காகக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து இந்த இதயத்துக்குச் சுமை கூட்டுகின்றன. மருந்துப் பட்டியலைக் காட்டும்போது அவற்றையும் சேர்த்தே காட்டுங்கள்.