கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38: மென்பொருள் தாளம் ட்ராக்குக்கு வரும் வழி

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ அடுக்குமாடி வீடொன்றில் ட்ரம்ஸ் செட் வைத்துப் பதிவு செய்வதென்றால், சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் யோசிக்க வேண்டும், கரையோரப் பாதையில் போகும் ரயிலையும் யோசிக்க வேண்டும். வீட்டு ஸ்டூடியோக்காரர்கள் தாளத்துக்கு மென்பொருள் வாத்தியத்தை நாடுவது இதனால்தான். பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் அந்த வாத்தியத்தை, அதாவது ப்ளகினைத் திறந்து, ஆயத்தமாக இருக்கும் ஒரு தாளக்கட்டை அழுத்தினால் அருமையாக ஒலிக்கிறது. அதைப் பாட்டுக்குள் கொண்டுவந்ததும் அடி இரட்டையாகக் கேட்கிறது, ஹை-ஹேட் (கால்மிதியால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) இருந்த இடத்தில் டாம் ட்ரம் விழுகிறது, பைலா நடை நொண்டுகிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றே: நாம் நகர்த்துவது ஒலியை அல்ல, ஒலிக்கச் சொல்லும் கட்டளையை.

மிருதங்கம் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். கொப்பியில் எழுதிய 'த க தி மி' ஒலி அல்ல. எந்தக் கை, எந்த மிருதங்கம் என்பதைப் பொறுத்தே அதற்கு நாதம் வருகிறது. 1983இல் வந்த மிடியும், அதாவது வாத்தியங்களுக்குக் கட்டளை எழுதும் முறையும், அப்படியொரு சொற்கட்டுத்தான். ஓர் அடிக்கு அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது: எந்த எண், எவ்வளவு விசை, எப்போது. எண் 0 முதல் 127 வரை. விசை 1 முதல் 127 வரை. நல்ல ப்ளகினில் விசை என்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல. 40 என்றால் மெதுவாக அடித்துப் பதிந்த ஸ்னேரும், 120 என்றால் ஓங்கி அடித்துப் பதிந்த வேறொரு ஸ்னேரும் ஒலிக்கும்.

ஈஸிட்ரம்மர், அடிக்டிவ் ட்ரம்ஸ், இலவசமாகக் கிடைக்கும் எம்டி பவர் ட்ரம் கிட் போன்றவற்றில் தாளக்கட்டை மவுஸால் பிடித்து இழுத்து ட்ராக்கில் விடலாம். ப்ளகின் இருக்கும் அதே ட்ராக்கில் விடுங்கள். வெறும் ட்ராக்கில் விட்டால் புள்ளிகள் தெரியும், சத்தம் வராது. வாசிக்க அங்கே வாத்தியம் இல்லை. ஹைட்ரஜன் போலத் தனியாக இயங்கும் மென்பொருள் என்றால் மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து உள்ளே எடுக்கலாம். இரண்டு மென்பொருளையும் ஒன்றாக ஓடவிட்டுப் பதிவதைவிட இது துல்லியமானது.

இழுத்து விட்டதும் ப்ளகினுக்குள் இருக்கும் பிளே பொத்தானை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் ட்ராக்கும் ப்ளகினும் ஒரே தாளத்தைச் சேர்ந்து வாசிக்கும். இரண்டும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் சத்தம் மட்டும் கூடும். சில மில்லிசெக்கன் விலகினால் ஸ்னேர் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்துபோகும். மிடி துண்டை மியூட் செய்து பாருங்கள். அப்போதும் ட்ரம்ஸ் கேட்டால் குற்றவாளி ப்ளகினின் பிளேயர்தான்.

அடுத்தது 'எப்போது' என்ற விஷயம். பலரும் தாளத்தைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான், ஆகவே சற்று நின்று பார்ப்போம். மிடி கோப்பு பொதுவாக நேரத்தைச் செக்கனில் எழுதுவதில்லை. கால் சுரத்தைப் பல டிக்குகளாகப் பிரித்து எழுதுகிறது. ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வழக்கமாக 960 டிக் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பாட்டின் வேகத்தை 100இலிருந்து 112ஆக மாற்றினாலும் தாளம் கூடவே வருகிறது. கோப்பை இறக்கும்போது அதிலுள்ள வேகத்தையும் எடுக்கவா என்று மென்பொருள் கேட்டால், பாட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நிலையில் வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் முழுப் பாட்டின் வேகமும் மாறிவிடும்.

இப்போது க்வாண்டைஸ், அதாவது அடிகளைக் கட்டத்தின் கிட்டிய கோட்டுக்கு இழுத்து வைப்பது. ஓர் அடிக்குள் மூன்று சம பங்கு வரும் திஸ்ர நடையை 4/4இல் வைத்தால் அடிகள் 0, 320, 640 டிக்கில் விழும். கட்டத்தைப் பதினாறில் ஒன்றுக்கு வைத்தால் கோடுகள் 0, 240, 480, 720இல் நிற்கும். 320க்குக் கிட்டிய கோடு 240. 640க்குக் கிட்டியது 720. சமமாக இருந்த மூன்று இடைவெளிகளும் 240, 480, 240 ஆகிவிடுகின்றன. பைலா நொண்டுவது இதனால்தான். கட்டத்தை ட்ரிப்ளெட்டுக்கு மாற்றுங்கள், அல்லது பாட்டையே 6/8இல் அமையுங்கள். 6/8இலும் ஒரு கவனம் தேவை: பெரும்பாலான மென்பொருள்கள் வேகத்தைக் கால் சுரத்துக்கே கணக்கிடுகின்றன. கால் தட்டும் அடி நிமிடத்துக்கு 120 என்றால், வேகப் பெட்டியில் எழுத வேண்டியது 180. கட்டம் சரியாக இருந்தாலும் க்வாண்டைஸை நூறு வீதம் இழுக்க வேண்டாம். 70, 80 வீதத்தில் வாசிப்பின் உயிர் தங்குகிறது என்பதே எங்கள் தீர்மானம்.

டாம் விழும் கதை எண்ணில் இருக்கிறது. 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொது எண் ஒழுங்கில் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46, க்ராஷ் சிம்பல் 49, ரைட் சிம்பல் 51. கிக்கும் ஸ்னேரும் பல கிட்களில் இதே இடத்தில் இருக்கும். ஹை-ஹேட் அப்படியல்ல, கால்வாசி திறந்தது, பாதி திறந்தது, ஓரத்தில் தட்டியது என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேற்ற எண்களைக் கொடுத்திருக்கிறது. ஒரு ப்ளகினின் தாளத்தை இன்னொன்றில் வாசிக்கவிட்டு ஹை-ஹேட் காணாமற்போனால், இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து எண்களை மாற்ற வேண்டும். எழுத்துப் பெயரை நம்ப வேண்டாம்: 36ஐ ஒரு மென்பொருள் சி1 என்கும், இன்னொன்று சி2 என்கும்.

ஜெனரல் மிடியின் தாள வரிசை 35 முதல் 81 வரை போகிறது. அதில் கொங்கா, பொங்கோ உண்டு. மிருதங்கமோ தவிலோ இல்லை. ஆகவே மிருதங்க ப்ளகின் ஒவ்வொன்றும் தொம், நம், சாப்பு எல்லாவற்றையும் தன் விருப்பப்படி அடுக்கியிருக்கும். ஒன்றுக்கு எழுதிய மிஸ்ர சாப்பு இன்னொன்றில் வேறு சொற்கட்டாகவே ஒலிக்கும். அரை மணி நேரம் செலவழித்து உங்கள் ப்ளகினின் எண்களைத் தாளில் எழுதி, மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தாளம் முடிவானதும் ஒலியாக மாற்றுங்கள். கிக், ஸ்னேர், ஹை-ஹேட், ஓவர்ஹெட் (செட்டுக்கு மேலே வைத்த மைக்கின் ஒலி), அறை ஒலி ஒவ்வொன்றும் தனி ட்ராக்காக வரட்டும். பிறகு ஸ்னேரை மட்டும் முன்னே பின்னே நகர்த்தக் கூடாது. அதே ஸ்னேர் ஓவர்ஹெட்டிலும் இருப்பதால் ஒன்றையொன்று அரித்துவிடும். நகர்த்துவதென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி நகர்த்துங்கள். கடைசி அடிக்குப் பிறகு க்ராஷ் அடங்கும்வரை, நான்கைந்து செக்கனாவது, இடம் விடுங்கள். மிடி ட்ராக்கை அழிக்காமல் மியூட் செய்து வையுங்கள். பாடகர் சுருதியோடு வேகத்தையும் மாற்றக் கேட்கும் நாளில், ஒலியை இழுத்து நீட்டாமல் அதிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.